ரெண்டுக்கு வாங்க

தமிழ் தெரியாதவனால் யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அறுபதுகளில் பம்பாய் மாதுங்காவில் அப்படி ஒருவன் இருந்தான். பகலில் கோட்டைப் பகுதி ஆபீசில் டைப் அடிப்பான். மாலையில் இலக்கணம் படிப்பான். எதிரே அகப்பட்டவர்களுடைய ஒற்றுப்பிழையைத் திருத்துவான். (அவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்கு ஜாதகம்தான் காரணம் என்று வீட்டில் நம்பினார்கள்.) அவன் நான்தான்.

என்னிடம் தமிழ் கற்க வந்து மாட்டியவன் ஓலாஃப். நார்வேக்காரன். நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் அவன் நுழைந்த வீடு தாராவியில் கிடையாது. தூர தேசம் போய் ஜனங்களுக்குச் சுகாதாரத் தொண்டு செய்ய வேண்டுமென்று கப்பலேறியவன். அவனும் அவனைப் போன்ற சிலரும் தாராவியில் பெண்களுக்காக ஒரு பொதுக் கக்கூஸ் கட்டினார்கள். செங்கல் சுமந்தார்கள், வயிற்றுப்போக்கில் படுத்தார்கள், எழுந்து மறுபடி சுமந்தார்கள். சுவர் எழும்பியது, கதவும் வந்தது, தண்ணீர்தான் வரவில்லை.

பைப் கொடுக்க வேண்டிய முனிசிபல் இஞ்சினியருக்கு ஒரு சந்தேகம். “கட்டினால் மட்டும் இந்த ஜனங்கள் உபயோகிப்பார்களா? ஒரு கூட்டம் போடுங்கள். பெண்கள் வருகிறார்களா, பார்க்கிறேன்” என்றுவிட்டார். வராவிட்டால் அந்தக் கட்டடம் கோழி அடைக்கத்தான் ஆகும். பெண்களோ விடியுமுன் இருட்டோடு இருட்டாக ஓடைப்பக்கம் போய்வந்து, பகல் முழுக்க அடக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

வீடு வீடாகப் போய்த் தானே தமிழில் அழைக்கப் போவதாக ஓலாஃப் சொன்னான். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு. அந்த ‘மணிக்கு’ அவன் வாயில் ‘மண்ணுக்கு’ என்றே வந்தது.

“மண்ணுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது, ஓலாஃப். நம் ஊரில் அது கடைசிப் பயணம்.”

“பின்னே எப்படிச் சொல்ல?”

“மணியே வேண்டாம். ‘ரெண்டுக்கு வாங்க’ என்றால் போதும். மணி தொக்கி நிற்கும்.”

“தொக்கி நிற்பது என்றால்?”

“நீ சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடும்.”

புரிந்தது.

மரியாதைக்காக ‘சாப்பிட்டுட்டு வாங்க’ என்பதையும் கற்றுக்கொடுத்தேன். (ஒன்றுக்கு, ரெண்டுக்கு என்று பள்ளிக்கூடத்தில் விரல் காட்டி வளர்ந்தவன்தான் நானும். ஆனால் இலக்கணம் தலைக்கு ஏறும்போது பொதுஅறிவு இடம் போதாமல் இறங்கிவிடுகிறது.)

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் கக்கூஸ் வாசலில் தொடங்கிய வரிசை சந்து முனை திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொருத்தி கையிலும் ஒரு டப்பா.

முன்னால் நின்றவர் பாத்திமுத்து அக்கா. திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்குத் தோல் பட்டறை. அக்கா ஒரு அதட்டல் போட்டால் குழாயடிச் சண்டை நின்றுவிடும்.

“என்னக்கா, கையில டப்பா?”

“பின்ன வெறுங்கையோடயா வருவாவ? அந்த வெள்ளக்காரத் தம்பி ரெண்டுக்கு வாங்கன்னு வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போனாருல்லா? தொறங்க.”

என் கண் ஓலாஃபைத் தேடியது.

“நான் கேட்டேன் தம்பி, ஒண்ணுக்கு வரக்கூடாதான்னு. கெடியாரத்தப் பாத்துட்டு, ‘ஒண்ணுக்கு வேண்டாம், ரெண்டுக்குத்தான் வரணும், இஞ்சினியர் பாக்க வாராரு’ன்னாரு. அவரு என்னத்தப் பாக்கணுமாம்?”

“சாப்பிட்டுட்டு வேற வரச் சொன்னாரு!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “சீக்கிரம் தொறங்கய்யா, நான் காலையிலேருந்து நிக்கேன்.”

“அக்கா, இன்னிக்குக் கூட்டம் மட்டும்தான்…”

“கூட்டமா! நல்லா இருக்குவே ஒங்க நாயம். வந்தது வந்தாச்சு, திரும்பிப் போற சோலியே இல்ல.”

அந்த நேரம் பார்த்துத்தான் ஜீப் வந்தது. இஞ்சினியர் ஒரு காலைக் கீழே வைத்தார். வரிசையைப் பார்த்தார். டப்பாக்களைப் பார்த்தார். மற்றக் காலை ஜீப்பிலேயே வைத்துக்கொண்டார்.

“யே க்யா ஹை? மோர்ச்சா?”

மோர்ச்சா என்றால் ஊர்வலம், கோஷம்; பம்பாயில் எந்த அதிகாரியும் அதைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுவார். பாத்திமுத்து அக்கா அவர் முன்னால் போய் டப்பாவைச் சுவரில் ஓங்கித் தட்டினார்.

“தண்ணி எங்க? தண்ணி இல்லாம எதுக்குக் கூப்பிட்டிய?”

அவ்வளவுதான், சந்து முழுக்க டப்பாக்கள் முழங்கின.

“என்ன சொல்கிறாள்?” என்று இஞ்சினியர் இந்தியில் என்னிடம் கேட்டார்.

“தண்ணீர் எங்கே என்று கேட்கிறார்கள், சார்.” அந்த வாரத்தில் நான் சரியாகச் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

“உத்யாச் தேதோ” என்றார் மராத்தியில். நாளைக்கே தந்துவிடுகிறேன்! ஜீப் பின்பக்கமாகவே போய்விட்டது.

ஓலாஃபிடம் விஷயத்தை விளக்கினேன். காது மடல் வரை சிவந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “அப்படியானால், தொக்கி நின்றது எது?”

இஞ்சினியருடைய ‘நாளை’ மழைக்காலம் முடிந்துதான் விடிந்தது. ஆனால் தண்ணீர் வந்தது. வந்த மறுநாளே பாத்திமுத்து அக்கா கல்கண்டுத் தட்டோடு மாதுங்காவில் எங்கள் வீட்டு மாடியேறி வந்து, ஆபீஸ் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற, சிரித்து யாரும் பார்த்திராத என் அப்பாவை அழைத்தார்.

“ஞாயித்துக்கெழம தொறப்பு, அண்ணாச்சி. ரெண்டுக்குக் குடும்பத்தோட வந்துரணும்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா எனக்குக் காலம்பற ஆறுக்கே ஆயிடும்.”

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதைக் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் புறப்பட்டுவிட்டார்.

ஓலாஃப் ஊருக்குக் கப்பலேறினான். வரிசையில் நின்ற பெண்களில் பலர் மான்குர்த், பாண்டுப் என்று புறநகர்ப் பக்கம் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். தாராவிப் பக்கம் எப்போதாவது போனால், முகம் நினைவில்லாத ஒரு கிழவி “ஏ, ரெண்டுத் தம்பி!” என்று கூப்பிடுவாள். தலை நரைத்தவன் திரும்பிப் பார்ப்பேன், சந்தோஷமாகத்தான் இருக்கும்.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. டோம்பிவிலியிலிருந்து என் தங்கை போன் பண்ணி, “ஞாயித்துக்கிழமை ரெண்டுக்கு வரோம்” என்றால், என் மனைவி ஒரு விநாடிகூட யோசிப்பதில்லை.

“தாராளமா வாங்கோ. தண்ணி வரது.”