தொட்டிலில் போட்ட ஹார்ட் டிஸ்க்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஜாசின் டவுன் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் என் மனைவி சரசு, ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து வீட்டிலேயே தட்டச்சு வேலை தொடங்கினாள். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அதிரும். பக்கத்தில் ஸ்பிரிங் தொட்டிலில் தூங்கும் மகள் விழித்து வீறிடுவாள்.

எனக்குச் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் துடைக்கும் வேலை. அங்கே அதிரும் இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் வைப்பார்கள். (இது போதாதா, நான் இன்ஜினியர் ஆக!) சரசு கோயிலுக்குப் போன நேரம் பார்த்து டிஸ்க்கைக் கழற்றினேன். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, பெட்டிக்குள்ளேயே அதைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டேன். இனி எதற்கு என்று ஸ்க்ரூக்களைக் குப்பையில் போட்டேன்.

"அட, சத்தமே இல்லீங்க! என்ன செஞ்சீங்க?" என்றாள் சரசு. வெட்கத்தில் சிரித்துவைத்தேன்.

மறுநாள் கோயில் தலைவர், திருவிழா அழைப்பிதழைத் தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். சரசுவுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மாலைக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டும். கம்ப்யூட்டரோ ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் தலைவரின் தேநீர் ஆறிப்போனது.

"என்னம்மா, லோட் லோரி மலை ஏறுதா? முடியலேன்னா சொல்லிடு லா, டவுன்ல கொடுத்திடறேன்."

சரசுவின் கண் கலங்கியது. மோட்டார் சைக்கிளில் பறந்துபோய், ஜாசினில் கம்ப்யூட்டர் கடையில் இருந்த அவள் தம்பி குமாரை அழைத்துவந்தேன். மூடியைத் திறந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அத்தான், இது யாரு, பாப்பாவுக்குத் தம்பியா?"

டியூப் நாடாவை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"உள்ள தட்டு சுத்துது. ஊசி மெல்லிசான கோட்டைப் பிடிச்சுப் படிக்கணும். டிஸ்க்கே ஆடுனா கோடு தவறும், மறுபடி மறுபடி தேடும். அதான் ஸ்லோ. இறுக்கிப் பூட்டணும். ஸ்க்ரூ எங்க?"

குப்பை காலையிலேயே போய்விட்டது என்று சொன்னேன்.

"அப்ப நீங்கதான் ஸ்க்ரூ. கடைக்குப் போய் வர நேரமில்ல, ரெண்டு கையாலயும் பிடிங்க."

டிஸ்க்கைப் பெட்டியின் தகட்டோடு அழுத்திப் பிடித்தபடி மேசைக்கடியில் குந்தினேன். கம்ப்யூட்டர் ஓடியது. சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே தட்டினாள்.

"மூச்ச மெதுவா விடு தம்பி," என்றார் தலைவர். "சாமி பேரு வருது."

தாள் வெளியே வந்தபோது என் கால்கள் மரத்துப் போயிருந்தன. அடுத்த வருட வேலையும் சரசுவுக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு விட்டாரா? திருவிழா மைக்கில், நன்கொடையாளர்களுக்கு நடுவே, "அழைப்பிதழைத் தாங்கிப் பிடித்தவர்" என்று என் பெயரையும் வாசித்தார். நான் மேளக்காரர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இன்றும் வீட்டில் இன்டர்நெட் திணறினால், "அப்பா, வந்து பிடிங்க!" என்று மகள் கத்துவாள். நானும் எழுந்துதான் போகிறேன்.

எழுதி முடித்தது: தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல்.