மாப்பிள்ளை அனுப்பிய மின்பெட்டி மீது புகார்

சியாயி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை கை-ரெனுக்கு, அத்தான் வென்-ஹாவ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா ஸு-சினும் நலம். நீ அனுப்பிய மின்பெட்டி மட்டும் நலமில்லை.

முப்பத்திரண்டு வருஷம் தபாலாபீசில் முத்திரை குத்தியவன் ஓய்வுக்கப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போகிறேன் என்றதும், முதலில் பவர் சப்ளை வேண்டும் என்று இந்தப் பெட்டியை நீதான் அனுப்பினாய். ஒரு திருகு வோல்ட், இன்னொன்று ஆம்பியர். வோல்ட்டை ஐந்தில் வைத்து, ஆம்பியரை நீ சொன்னபடி இருப்பதிலேயே கம்மியாக வைத்து, குட்டி எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினேன். விளக்கு எரிந்தது. கூடவே பெட்டியில் சிவப்பு விளக்கும் எரிந்து, ஐந்து வோல்ட் இரண்டாக இறங்கிவிட்டது. மீதி மூணு எங்கே போச்சு? தபாலாபீசில் மூணு பார்சல் காணோம்னா எத்தனை பேர் கை கட்டி நின்னிருப்பாங்க தெரியுமா?

சரி, மிஷின் மக்கர் பண்ணுதேன்னு ஊரே செய்யறதைத்தான் நானும் செஞ்சேன், சமர்த்தா நடந்துக்கட்டும்னு, பேரே 'சமர்த்தா இரு'ன்னு இருக்கற பச்சைப் பாக்கெட் சோளப்பொரியை அது தலையில வெச்சேன், அப்பவும் சிவப்பு, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா தேதி போன மாசமே முடிஞ்சிருக்கு, அதுக்கு எந்த மிஷின் அடங்கும், புதுசு வாங்கி வெச்சேன், அதுக்கும் அடங்கலை, கடுப்புல ஆம்பியரை முழுசாத் திருகினேன். சிவப்பு போச்சு, அஞ்சு வோல்ட்டும் வந்துச்சு, விளக்கு கருகிப் போச்சு. இப்படிப் பதினோரு விளக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணாவது அஞ்சு நிமிஷம் எரியலைன்னா சாப்பாட்டு மேசை மறுபடியும் தன் மஜோங் ஆட்டக் கூட்டத்துக்குன்னு உங்கக்கா கெடு வெச்சிருக்கா, அப்புறம் நான் பால்கனியில வாஷிங் மிஷின் பக்கத்துல. இந்த வயசுல அங்க போய் உட்கார வெட்கமா இருக்கு மாப்பிள்ளை. ஆகவே பழுதான இப்பெட்டியை எடுத்துக்கொண்டு, நல்லதாக ஒன்றைச் சனிக்கிழமைக்குள் கொண்டுவரவும்.

உன் மனைவிக்கு என் அன்பு. நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் சிவப்பு விளக்கே எரியாதிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான் வென்-ஹாவ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்கக்கா வந்து புது விளக்கு ஒண்ணை மாட்டி, ஆம்பியரைக் குறைச்சா. சிவப்பு எரிஞ்சுது. விளக்கும் எரிஞ்சுது. அரை மணி நேரமா எரியுது. "ஏங்க, விளக்கு தாங்கறதுக்கு மேல போகாம பெட்டி பிடிச்சு நிறுத்துது. அதுக்குத்தான் சிவப்பு. நீங்க முழுசாத் திறந்துவிட்டா கருகாம என்ன பண்ணும்?" என்கிறாள். "எங்கே படிச்சே?"ன்னு கேட்டேன். "பெட்டியோட வந்த புத்தகத்துல. நீங்க பொரிப் பாக்கெட்டுல தேதி படிச்சிட்டிருந்தப்போ." மஜோங் தோழிகள் மூணு பேரும் ஞாயிறு முதல் அவளிடம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வராங்களாம். புதுப் பெட்டி வேண்டாம். பால்கனிக்கு ஒரு நாற்காலி அனுப்பு.