முழு விலாசக்காரர்

ஆண்டவரை ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று நம்பாத ஓர் இனம் இருக்கிறது. உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார், நன்றாகப் பாருங்கள்: மூன்றாவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே. "சகோதரர் ஜெபிப்பார்" என்று போதகர் சொன்னதும் தொண்டையைக் கனைப்பாரே, அவரேதான். அந்தக் கனைப்பு கேட்டதும் விவரம் தெரிந்தவர்கள் சுவரோரமாக நகர்ந்து, சாய்வதற்கு இடம் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் முழு விலாசக்காரர். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர். அரைகுறை விலாசம் எழுதிய கடிதமெல்லாம் மூலையில் அநாதையாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பயம் மனுஷனுடைய ஜெபத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. "மேசியாவே" என்று ஆரம்பிப்பார். எபிரெய மொழியில் அதற்கு அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று அர்த்தம் சொல்வார். அடுத்து "கிறிஸ்துவே" என்பார். கிரேக்கத்தில் இதற்கும் அதே அர்த்தம்தான் என்பார். யாரிடம் சொல்கிறார்? ஆண்டவரிடம்! தன் பட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாதா? அப்புறம் தாவீதின் குமாரன், மனுஷகுமாரன், தேவ ஆட்டுக்குட்டி, யூதா கோத்திரத்துச் சிங்கம், சமாதானப் பிரபு என்று, எதை எந்தத் தீர்க்கதரிசி சொன்னார், எப்போது சொன்னார் என்ற விவரத்தோடு, நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுக்கிக்கொண்டே போவார். உறை முழுக்க விலாசம். உள்ளே கடிதம்தான் இருக்காது.

ஒருநாள் தையற்காரர் மனைவி "இயேசப்பா" என்று ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள். இவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடற மாதிரி?"

"பக்கத்துல இருக்காருன்னுதானே ஐயா கூப்பிடறேன்."

பட்டங்களை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் காது நன்றாகவே கேட்கும். ஒவ்வொரு பட்டமும் யாரோ ஒருவர் தவித்த தவிப்பில் வாயில் வந்தது. வேதத்தில் வருகிற, வழியோரத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் குருடன் "தாவீதின் குமாரனே" என்று ஒரு பட்டம் சொன்னான், அடுத்த மூச்சில் இரங்கச் சொல்லிக் கேட்டான். நின்று அர்த்தம் விளக்கிக்கொண்டிருந்தானா? இதை யார் வந்து மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிப்பட்டவரை என் தங்கைக்கு ஜெபிக்க நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பித்தப்பையில் கல். கத்திக்கு அவள் பயப்படவில்லை, மயக்க மருந்துக்குத்தான் பயம். "தூங்க வெச்சா திரும்ப முழிப்பேனாக்கா? அதுக்கு மட்டும் யாரையாவது ஒரு வார்த்தை ஜெபம் பண்ணச் சொல்லு." ஊரிலேயே நீளமான ஜெபம் இவருடையது. நீளமானது பலமாகவும் இருக்கும் என்று நினைத்தேன். என் புத்தி.

"பத்து மணிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க ஐயா. அவ முழிக்கணும். அது ஒண்ணு கேட்டாப் போதும்" என்றேன்.

"கேப்போம்மா, கேப்போம். முறையா வருவோம்."

தலையணை ஓரத்தில் கை வைத்தார். கண்ணை மூடினோம். மேசியா போனது, கிறிஸ்து போனது, சிங்கமும் ஆட்டுக்குட்டியும் போயின. நான் விரல் கணுவில் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழாவதாக இம்மானுவேல். 'தேவன் நம்மோடு இருக்கிறார்' என்பதில் 'நம்மோடு' என்றால் என்ன என்று நிதானமாக விளக்க ஆரம்பித்தார். அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். நல்ல மேய்ப்பனை விட்டுவிட்டாரே! எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒரு கண்ணைத் திறந்தேன்.

கட்டில் காலி.

"ஐயா, ஆளைக் காணோம்!"

அவரும் கண்ணைத் திறந்து தலையணையில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். "நான் இன்னும் ஆமென் சொல்லலையே, எப்படிப் போனாங்க?"

நர்ஸ் வந்து கூப்பிட்டிருக்கிறாள். ஜெபத்தைக் கலைக்க வேண்டாம் என்று என் தங்கை வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து போய்விட்டாள். இவர் கேட்க வேண்டியதைக் கேட்கும் முன்பே.

வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது, திரும்பினேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "மே..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். கையைப் பிசைந்தார். பிறகு மெதுவாக, "முழிக்க வையுங்க" என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் அவர் அனுப்பிய ஒரே கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

முழித்தாள். முதலில் தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாது என்றார்கள், கோபப்பட்டாள். சரி, ஆள் பழைய ஆள்தான் என்று எனக்குத் தெம்பு வந்தது. மறுநாள் விலாசக்காரர் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார்.

"உள்ளே போறப்போ எந்த நாமத்தைச் சொல்லிக் கூப்பிட்டீங்கம்மா?"

"எங்கே ஐயா நேரம்? லிஃப்ட் ஒரே மாடிதானே. 'பயமா இருக்கு, கூட வாங்க'ன்னேன்."

"யாருன்னு சொல்லவே இல்லையா?"

"அந்த நேரத்துல வேற யாரைக் கூப்பிடுவேன்?"

அடுத்த ஞாயிறு அவர் பதினாறோடு நிறுத்தினார். இனம் சட்டென்று மாறிவிடுமா என்ன?

சிரிக்கிறீர்களா? நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "பாட்டி, ஆல்பாவும் ஒமேகாவும்னு ஒரு பட்டம் விட்டுப்போச்சே" என்றாள். கட்டிலருகே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்த நான் அவளை என்ன சொல்ல முடியும்? நீங்களும் மேலே அந்தப் பட்டியலைத் தாண்டும்போது, இந்தக் கிழவி எதை விட்டாள் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தால், இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், பக்கத்து அறைக் கட்டிலில் ஆள் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.