பனியன் கம்பெனியில் நான் நடத்திய தேர்தல் சீர்திருத்தம்

“...ஒத்த ஓட்டுலயும் தோத்தாச்சு, நீங்க கொண்டாந்த பல ஓட்டுலயும் தோத்தாச்சு. நான் தோக்கதுக்கு இன்னும் ஏதாச்சும் முறை மிச்சம் வச்சிருக்கீயளா அண்ணாச்சி?” என்று ஜெபமணி கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். டீ ஆறிவிட்டதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். உலகத்துத் தேர்தல் முறைகளை எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்த நான், அந்த விரலின் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒப்புக்கொள்கிறேன். அரைகுறையாகத் தெரிந்துகொண்ட விஷயத்தை அடுத்தவர் தலையில் கட்டாமல் இருக்க என்னால் முடியாது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. மீதிப் படிப்பெல்லாம் செல்போனில்தான். தேர்தல் முறைகளுக்கு முன்னால் சிறுதானியத்தில் இருந்தேன். அதற்கும் முன்னால் வாஸ்து. (வாஸ்து புண்ணியத்தில் எங்கள் ஊட்டு அடுப்படி மூன்று முறை இடம் மாறியது. நான் எழுந்து திசை பார்த்தாலே என் சம்சாரம் கேஸ் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள்.)

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது நான் பேக்கிங் சூப்பர்வைசர். தொழிலாளர் கமிட்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்போம். மாதம் ஒருநாள் அந்த ஆள் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து நம் குறைகளைச் சொல்ல வேண்டும். பழனிச்சாமி என்கிற கட்டிங் மாஸ்டர்தான் அந்த நாற்காலியில் இருந்தார். இரண்டு வருடமாக அவர் சொன்ன ஒரே குறை, கட்டிங் செக்ஷனில் காற்று வரவில்லை என்பது. காற்றாடி வந்தது. குறைகள் தீர்ந்தன.

பெண்களின் குறை வேறு. அத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டே கழிப்பறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒருத்தி போனால் வெளியே இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். திரும்பி வருவதற்குள் இரண்டு பேருடைய மேஜையிலும் துணி மலையாகக் குவிந்திருக்கும். திட்டு தனி. பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். செக்கிங் செக்ஷனில் இருந்த ஜெபமணி, திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு, இதற்காகவே தேர்தலில் நின்றாள். அவளுடைய நோட்டீஸில் இரண்டே வரி: தாழ்ப்பாள் வேணும். இன்னும் ரெண்டு கழிப்பறை வேணும்.

தோற்றாள். காரணம் சுப்பிரமணி என்கிற டெய்லர். அவரும் நல்ல மனுஷன், அவரும் பழனிச்சாமி வேண்டாம் என்றுதான் நின்றார். வேண்டாம் என்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டது. வேண்டும் என்ற சின்னக் கூட்டம் ஒரே இடத்தில் போட்டது. பாதிக்கு மேல் ஆட்கள் வேண்டாம் என்று சொன்ன மனுஷன் மாலை போட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார். எனக்கு அதைப் பார்த்ததும்தான் தேர்தல் முறைகளில் ஞானம் பிறந்தது.

அடுத்த தேர்தலுக்கும் அதே மூன்று பேர். நான் விடுவேனா? டீ நேரத்தில் கேண்டீனில் வகுப்பு ஆரம்பித்தேன். முதலில் வரிசை ஓட்டு. ஒருத்தருக்கு மட்டும் போடாமல் மூன்று பேருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடலாம். முதல் எண்ணில் பாதிக்கு மேல் யாரும் வாங்கவில்லை என்றால் கடைசியில் நிற்கிறவரைக் கழற்றிவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் ஓட்டை அவர்கள் இரண்டு போட்ட ஆளுக்கு மாற்ற வேண்டும். ஓட்டு வீணாகாது, பிரியாது. இதை விளங்கவைக்க வடை, போண்டா, பஜ்ஜியை வைத்து ஒத்திகைத் தேர்தல் நடத்தினேன். பஜ்ஜி கடைசி. பஜ்ஜிக்காரர்களின் ஓட்டை வடைக்கு மாற்றினேன். ஓவர்லாக் டெய்லர் ஒருத்தர் எழுந்து, “பஜ்ஜி கேட்டவனுக்கு வடைய ஊட்டி உடறதுதான் சீர்திருத்தமுங்களா?” என்றார். போண்டாக் கட்சி வெளிநடப்பு செய்தது.

மேனேஜருக்கும் வரிசை ஓட்டு சரிப்படவில்லை. எண்ணி முடிக்கிறதுக்குள் ஷிப்மென்ட் போய்விடும் என்றார். சரி என்று அதைவிட எளிமையானதை எடுத்தேன்: சம்மத ஓட்டு. யாரெல்லாம் ஜெயித்தால் உங்களுக்குச் சம்மதமோ அத்தனை பேருக்கும் குறி போடலாம். ஒருத்தருக்கும் போடலாம், இரண்டு பேருக்கும் போடலாம். அதிகக் குறி வாங்குகிறவர் ஜெயிப்பார். கழற்றல் இல்லை, மாற்றல் இல்லை. ஜெபமணி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கும் போட்டு சுப்பிரமணிக்கும் போட்டால் அந்த இரண்டாவது குறி அவளுக்கே எதிராகத் திரும்பாதா என்று. நியாயமான கேள்வி. பெரிய பெரிய படிப்பாளிகளே இதில் அடித்துக்கொள்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேனே தவிர, பதில் சொல்லவில்லை. எது எப்படியோ, பழனிச்சாமி வரமாட்டார் என்று மட்டும் சத்தியம் செய்தேன். அவள் நம்பினாள். அவளை நம்பி மொத்தப் பெண்களும் நம்பினார்கள்.

ஒடிசா, பீகார் ஆட்களுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் பெயருக்குப் பதில் படம். ஒரு தாளில் மூன்று பேர் முகம். பேனாவால் குறி போட்டால் கிறுக்கல், தகராறு. அதற்கும் என்னிடம் தீர்வு இருந்தது. செக்கிங்கில் சின்னதாகச் சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் உண்டு, அம்புக்குறி போட்டது. கம்பெனியில் சுருள் சுருளாகக் கிடக்கிறது. செலவில்லை, எழுத்தில்லை, மொழியில்லை. சம்மதமான முகத்தின் மேல் ஒட்டினால் போதும். இந்த யோசனை வந்த அன்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

ஸ்டிக்கர் விஷயத்தைத் தேர்தல் நாள் காலையில்தான் ஒவ்வொரு லைனாகப் போய் விளக்கினேன்; அன்று வேட்பாளர்கள் யாரும் லைனில் பேசக் கூடாது என்பதும் என் விதிதான். கட்டிங், தையல், அயர்னிங், என் பேக்கிங். வடக்கத்தி ஆட்களுக்கு அபிநயத்தோடு ஹிந்தியில். செக்கிங் செக்ஷனுக்கு மட்டும் போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண்களுக்கு, ஸ்டிக்கர் ஒட்டுவது எப்படி என்று நான் போய்ப் பாடம் எடுப்பதா? அதுவரை என் வாழ்க்கையில் நான் பேசாமல் விட்ட இடம் அது ஒன்றுதான்.

செக்கிங்கில் அந்த ஆரோ எதற்கு என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எங்கே இருக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் ஒட்டுவதற்கு. நல்ல பீஸில் ஒட்ட மாட்டார்கள்.

சாயங்காலம் மேனேஜர் அறையில் பெட்டியைத் திறந்தோம். முதல் சில தாள்களில் ஆரோ ஓரமாக, மரியாதையாக ஒட்டியிருந்தது. டெய்லர்கள். சுப்பிரமணிக்கு ஒன்று, ஜெபமணிக்கு ஒன்று. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அடுத்த தாளில் ஆரோ பழனிச்சாமியின் வாய் மேல் இருந்தது. அதற்கடுத்ததில் அவருடைய காதில். அடுத்து மறுபடியும் வாய். பிறகு வாய், காது இரண்டிலும். சில தாள்களில் சுப்பிரமணிக்கும் சாயம் அடித்த மீசையில் ஒன்று குத்தியிருந்தது. ஜெபமணியின் முகம் மட்டும் அந்தத் தாள்கள் எல்லாவற்றிலும் சுத்தமாக, ஒரு பொட்டு சிவப்பில்லாமல், ஓகே பீஸாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் சொன்னேன், வாயிலும் காதிலும் ஒட்டியது டேமேஜ், ஓரத்தில் ஒட்டியதுதான் சம்மதம் என்று. அவர் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட விதித்தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். “ஸ்டிக்கர் இருந்தால் சம்மதம்னுதானுங்க எழுதியிருக்கீங்க. எந்த எடத்துல இருந்தாலுமுங்க.” மறுதேர்தல் கேட்டேன். ஷிப்மென்ட் இருக்கிறது, இன்னொருமுறை மிஷினை நிறுத்த முடியாது என்றார்.

பழனிச்சாமி முன்னெப்போதும் வாங்காத அளவுக்கு வாங்கி ஜெயித்தார். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “செக்கிங் பொம்பளைங்களுக்கு எம் பேச்சு மேல இத்தன பாசம்னு இத்தன நாளும் தெரியாமப் போச்சுங்களே” என்றார்.

ஜெபமணி மூன்றாவது. செக்கிங் பெண்களிடம் போய் ஏனுங்க இப்படி என்று கேட்டேன். அவர்களில் மூத்தவள், அவளும் திருநெல்வேலிப் பக்கம்தான், என்னைப் பாவமாகப் பார்த்தாள். “படத்தக் குடுத்தீய, ஆரோவக் குடுத்தீய. எங்க டேமேஜுன்னுதான கேக்கீய. ஒழுங்காத்தான காட்டிருக்கோம்?” ஒழுங்காகத்தான் காட்டியிருந்தார்கள். அவ்வளவு துல்லியமான வாக்காளர்களை எந்தத் தேர்தலும் பார்த்திருக்காது.

இப்போதும் சொல்வேன், ஒத்தை ஓட்டு முறை மோசம்தான். பிரிந்து நிற்கிற பலரைவிடச் சேர்ந்து நிற்கிற சிலர் ஜெயிக்கிற கணக்கு அது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் முறையை மாற்றப் போகிறவன், ஓட்டுப் போடுகிற கை அதுவரை என்ன வேலை செய்து பழகியிருக்கிறது என்று ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு மாற்றட்டும். எங்கள் ஊட்டில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். குழம்பு நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், என் மகள் தட்டில் இருந்து நிமிராமல், “இது சம்மதமாங்ப்பா, டேமேஜாங்ப்பா?” என்பாள். சம்சாரம் அதற்குப் புரையேறும் வரை சிரிப்பாள்.

அந்தக் கம்பெனியில் இப்போது பெண்களுக்கு நான்கு கழிப்பறை. எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள். பழனிச்சாமி அதைத் தன் சாதனை என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார். எனக்கும் அதில் பங்கு இல்லை. அன்றைக்கு ஜெபமணி கேட்ட கேள்விக்கு நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்றேனே, அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

என் மேஜையில் மிச்சமிருந்த ஆரோ சுருளை எடுத்துக்கொண்டு நேராகக் கழிப்பறைக்குப் போனாள். கதவில் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் சரியாக ஒன்று ஒட்டினாள். பக்கத்தில் மூன்றாவது கழிப்பறை இருந்திருக்க வேண்டிய வெறும் சுவரில் ஒன்று, நான்காவதுக்கு ஒன்று. எங்கள் கம்பெனியில் ஆரோ ஒட்டியதைச் சரிசெய்யாமல் யாரும் உரிக்கக் கூடாது, மேனேஜராக இருந்தாலும். மறுநாள் எங்கள் பனியனை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜெபமணி திரும்பி வந்து, மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவில் உள்ளே அவர் உட்கார்ந்திருந்த நேருக்கு ஒன்றை ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டு, தன் மேஜைக்குப் போய் அடுத்த பீஸை விரித்தாள்.