ஒரு சொட்டும் வீணாகாத ஊர்

தண்ணீரைச் சேமிக்க மனித குலம் இதுவரை கண்டுபிடித்த வழிகளிலேயே தலைசிறந்தது மோட்டாரை எரிய விடுவதுதான். அணை கட்டிப் பார்த்தார்கள், ஏரி தூர்வாரிப் பார்த்தார்கள், மொட்டை மாடி மழைக்கெல்லாம் குழாய் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் எரிந்த மோட்டாருக்கு ஈடாகவில்லை. இந்த அரிய வழியை நாட்டுக்கு வழங்கிய பெருமை தேன்கனிக்கோட்டை சாலையில் இருக்கும் சின்னமல்லேபள்ளி ஊராட்சியைச் சேரும். அந்தப் பெருமைக்கு உரியவரான ராஜப்பனோடு மட்டும் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ராஜப்பன் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். காலையில் மோட்டார் போட வேண்டும், டேங்க் நிறைந்ததும் வால்வைத் திறக்க வேண்டும். போர்வெல் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகிய நாளிலிருந்து அந்த இரண்டு வேலையும் இல்லை. அதற்குப் பதிலாகத் திட்டு வாங்கும் வேலை வந்து சேர்ந்தது, அதுவும் நாள் முழுக்க.

"ஏனப்பா ராஜப்பா, இன்னிக்கும் நீரு இல்லவா?" என்று தினமும் ஆரம்பிப்பவர் அங்கன்வாடியில் சமைக்கும் கெம்பம்மா. "அரிசி இருக்குது, பருப்பு இருக்குது, முட்டை கூட வந்துட்டுது. எதுல வேக வைக்கறது, உன் பேச்சுலயா?"

பத்து மணிக்கெல்லாம் பதினெட்டுப் பிள்ளைகளும் காலித் தட்டைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். வீட்டில் யார் இருப்பார்கள்? அம்மாக்கள் மதியச் சோறு அங்கன்வாடியில் என்று நம்பி விடியற்காலையே கம்பெனி பஸ் ஏறியவர்கள். அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால் ராஜப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மோட்டாரைச் சரிசெய்யக் கேட்டு ராஜப்பன் நாற்பது நாளில் மூன்று மனு கொடுத்தார். கடைசியில் ஒரு பதில் வந்தது. ‘ஒரு சொட்டும் வீணாக்காத ஊராட்சி என்ற வறட்சித் திட்டமிடல் விருதுக்குத் தங்கள் ஊராட்சி தேர்வாகியுள்ளது என்பதை மகிழ்வுடன் தெரிவிக்கலாகிறது.’

நடந்தது இதுதான். தெருவுக்குப் போகும் குழாயில் ஒரு மீட்டர் மாட்டியிருந்தார்கள். எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை அது தானாகவே மேலிடத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். குறைவாகப் போனால் பச்சை காட்டும், கூடினால் மஞ்சள், சிவப்பு. மீட்டர் மாட்டிய மற்ற ஊர்கள் மஞ்சளிலும் சிவப்பிலும் தத்தளித்தபோது சின்னமல்லேபள்ளி மட்டும் நாற்பது நாளாகப் பச்சையில் நின்றது.

பச்சையைப் பாராட்ட நீர் மேலாண்மை ஆலோசகர் பிரதாப் நேரிலேயே வந்தார். ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் தரக் கட்டுப்பாடு பார்த்தவர். நட்டிலும் போல்ட்டிலும் குறையை ‘ஜீரோ’ ஆக்கியவர், தண்ணீரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தாமல் ஓய்வதில்லை என்றிருந்தார்.

"மிஸ்டர் ராஜப்பன், ஜீரோ லீக்கேஜ்! ஜீரோ வேஸ்டேஜ்! எப்படிச் சாதிச்சீங்க?"

"மோட்டார் எரிஞ்சிட்டுதுங்க சார்."

"அட, எவ்வளவு சிம்பிள்!" பிரதாப் குறித்துக்கொண்டார். "மக்கள் ஒத்துழைப்பு எப்படி?"

"வெங்கடப்பன் தோட்டத்துக் கெணத்துக்குக் கொடம் தூக்கிட்டுப் போறாங்க சார். ஒண்ணரை கிலோமீட்டரு."

"நடைப்பயிற்சியும் சேர்ந்துடுது." அதையும் குறித்துக்கொண்டார். ‘மோட்டார் இல்லா மேலாண்மை’ என்ற பெயரில் இதை மற்ற ஊராட்சிகளுக்கும் விரிவாக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

இனி அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை என்று ராஜப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதே ஊரில் வாடகைக்கு இருந்த கமலக்கண்ணனிடம் போய் நின்றார். மதுரைப் பக்கத்துப் பையன், மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி வேலை, காயில் கட்டத் தெரிந்தவன். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளைத் தொலைத்துக் காயில் கட்டி, திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து மோட்டாரைப் போர்வெல்லுக்குள் இறக்கியும் கொடுத்தான்.

"சுவிட்சைப் போடுங்கண்ணே, தண்ணி பீச்சி அடிக்கும்!"

ராஜப்பன் சுவிட்சில் கை வைக்கப் போகும்போது போன் அடித்தது.

"மோட்டார் ரெடின்னு கேள்விப்பட்டேன்," என்றார் பிரதாப், சாவு வீட்டில் பேசுகிற குரலில். "தயவுசெஞ்சு போட்டுடாதீங்க. நாளைக்கு உங்க ஊர்ல விருது விழா. பச்சை போயிடும்."

நாற்பது நாள் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு நாள்தானே என்று ராஜப்பன் கையை எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஷாமியானா முளைத்தது. பெரிய அதிகாரி வரும் வழியில் தூசி பறக்கக் கூடாதென்று டேங்கர் லாரி ஒன்று வந்து மைதானம் முழுக்கத் தண்ணீர் தெளித்தது. குடத்தோடு ஓடிய பெண்களை, ‘விழாத் தண்ணீரைத் தொடாதீங்க’ என்று விரட்டினார்கள்.

"சார், நிகழ்ச்சி முடிஞ்சதும் மோட்டாரைப் போட்டுடலாங்களா?" என்று ராஜப்பன் பிரதாப்பின் காதருகே கேட்டார்.

"எப்படிங்க போடறது? விருது வாங்கின ஊரு ஒரு வருஷத்துக்கு அதே அளவைக் காப்பாத்தணும். ரூல் அது."

"அதே அளவுன்னா..."

"ஜீரோ."

அந்த நேரம் பார்த்து அங்கன்வாடி கலைந்தது. பதினெட்டுத் தட்டும் தட்டிக்கொண்டே ஈர மைதானத்தைக் கடந்து போயின. கடைசியாகப் போன குட்டிப் பெண் ஒருத்தி குனிந்து, தேங்கிய சேற்றுத் தண்ணீரைத் தட்டில் அள்ளினாள். ராஜப்பன் பிரதாப் பக்கம் திரும்பாமலே மோட்டார் ரூமுக்கு நடந்தார், டேங்குக்கு ஏற்றாமல் நேராகத் தெருவுக்கே வால்வைத் திருப்பினார், சுவிட்சை அழுத்தினார்.

நாற்பது நாள் காய்ந்த குழாய் முதலில் இருமியது. அப்புறம் செம்மண்ணைத் துப்பியது. அப்புறம் தண்ணீர் வந்தது. ஷாமியானாவில் நாற்காலிகள் மட்டும் மிச்சம் இருந்தன. கெம்பம்மா பிள்ளைகளைக் கூவி அழைத்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார். பிரதாப் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "மிஸ்டர் ராஜப்பன், சிவப்பு! சிவப்பு!" என்று அலறினார்.

விருது அங்கேயே கைமாறி இரண்டாமிடத்து ஊருக்குப் போனது. அந்த ஊரில் இன்னும் குழாயே போடவில்லை என்பதால் அவர்கள் சாதனைக்கு எதிர்காலத்திலும் ஆபத்தில்லை.

மூன்று மனுவுக்கு நாற்பது நாள் எடுத்துக்கொண்ட அலுவலகம் இந்த முறை மறுநாளே இயங்கியது. ‘ஒரே நாளில் இருபத்திரண்டாயிரம் லிட்டர் நீர் இழப்பு ஏற்பட்டது எவ்வாறு என்பதை டேங்க் ஆபரேட்டர் எழுத்து மூலம் விளக்க வேண்டும்.’

ராஜப்பன் அங்கன்வாடியில் உட்கார்ந்து பதில் எழுதினார். சுற்றிலும் பதினெட்டுத் தட்டு, ஒன்றிலும் சத்தமில்லை. எல்லாவற்றிலும் சோறு இருந்தது.

‘ஐயா, வணக்கம். மேற்படி நீர் இழப்பு குறித்து விசாரிக்கப்பட்டது. குழாயில் கசிவு ஏதுமில்லை. வால்வில் பழுது ஏதுமில்லை. மக்கள் குடித்துவிட்டார்கள் எனத் தெரிய வருகிறது.’