மோட்டார் போன மத்தியானம் கேட்ட சத்தம்

மதிப்பிற்குரிய சம்பந்தி சென்னப்பன் அவர்களுக்கு,

ஜூஜுவாடியிலிருந்து சென்றாயன் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் என் மகள் சௌமியாவும் சுகம். தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமான ஹரீஷ்குமாரும் சுகமே. ஸ்டேஷனில் அவருக்கு உட்கார நாற்காலி போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் மாந்தோப்பு இந்த வருஷம் நன்றாகக் காய்க்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். ஸ்டேஷன் என்று எழுதியதைப் பார்த்துப் பதற வேண்டாம். போனிலேயே சொல்லியிருப்பேன், சௌமியா என் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இனி நான் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாதாம். எழுதுகிற கையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணி மோட்டாரை, புதன்கிழமை மத்தியானம் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டு ஓனர் எல்லப்பன் கம்ப்ளெயின்ட் கொடுத்தார். விசாரிக்க வந்தவர் ஏட்டு அழகர்சாமி. மதுரைப் பக்கத்துக்காரர், இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கண்ணால் பார்த்தவர் ஒருவருமில்லை, வெயிலுக்குக் கதவைச் சாத்திப் படுத்திருந்தோம். ஆனால் காதால் கேட்டவர்கள் மூன்று பேர்: நான், இந்தப் பக்கத்து வீட்டு மாதேஸ்வரி, அந்தப் பக்கத்து வீட்டு நாராயணம்மா. முதலில் ‘டங்’கென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல், கடைசியில் பைக் கிளம்புகிற சத்தம். இதுவரைக்கும் மூன்று பேருக்கும் ஒரே பேச்சுதான். அந்தக் குரல் என்ன சொன்னது என்பதில்தான் சம்பந்தி, வந்தது வம்பு.

“‘இல்ல’ன்னு சொன்னான் சார்,” என்றேன் நான். மாதேஸ்வரிக்குப் பொறுக்கலை. “‘இல்லி’ன்னான் சார். கன்னடத்துல ‘இங்க’ன்னு அர்த்தம். கூட வந்தவனக் கூப்பிட்டிருக்கான்.” நாராயணம்மா விடுவாங்களா? “சுத்தமா ‘இல்லு’ன்னு கேட்டுச்சு. தெலுங்குல வீடு. எந்த வீடுன்னு அடையாளம் காட்டியிருக்கான்.” ஏட்டு பாவம், எழுதறதும் அடிச்சுத் திருத்தறதுமா இருந்தார். “ஏம்மா, ஒருத்தன் ஒத்த வார்த்தைய மூணு பாஷையில எப்பிடிம்மா சொல்லுவான்?” “மூணும் தெரிஞ்சவனா இருந்தா சொல்லுவான்,” னு நாராயணம்மா. “அப்பிடி ஆளு இங்கன யாரு இருக்கா?” ஓசூர்ப் பக்கம் வந்து கேக்கற கேள்வியா இது? ஆனா அந்த நேரத்துல உங்க மகன் மேல எனக்கு இருக்கற பெருமை பொங்கிடுச்சு சம்பந்தி. “எங்க மாப்பிள்ளைக்கு மூணும் தண்ணி பட்ட பாடு சார்!” னு சொல்லிட்டேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். பைக் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு ஏட்டு கேட்டார். சுலபமா வெளங்கட்டும்னு, “எங்க மாப்பிள்ளை பைக்கு கிளம்பினா எப்படி இருக்கும், அச்சு அசல் அப்படியே,” னேன். ஒரு உதாரணத்துக்குத்தான் சொன்னேன். அவர் உதாரணம்னு எழுதல. அன்னிக்கு மாப்பிள்ளைக்கு வார லீவு வேற, பைக்குக்கு செயின் மாத்த கர்நாடகா பார்டர் தாண்டி அத்திப்பள்ளி போயிருந்தார். “ஓ, ஸ்டேட்டு தாண்டிட்டாரா?” னு அதையும் எழுதிகிட்டார்.

இன்னிக்குக் காலைல ஒரு பரிட்சை வெச்சாங்க. மாப்பிள்ளைய காம்பவுண்டு சுவத்துக்குப் பின்னாடி நிக்க வெச்சு, பைப்ப ஸ்பேனரால ‘டங்’குன்னு தட்டி, ‘இல்ல, இல்லி, இல்லு’ன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னார். நாங்க மூணு பேரும், “இதே குரல்தான் சார்!” எல்லப்பனச் சொல்ல வெச்சாங்க. அதுவும் இதே குரல்தான். தெருவுல போன கீரைக்காரரக் கூப்பிட்டுச் சொல்ல வெச்சாங்க. அதுவும் அதேதான். கடைசில ஏட்டே சுவத்துக்குப் பின்னாடி போய்ச் சொன்னார். மாதேஸ்வரி கன்னத்துல கை வெச்சுகிட்டு, “ஐயோ சார், நீங்களா?” ன்னுட்டா. அந்தக் கோவத்துல அவர் மாப்பிள்ளைய ஜீப்புல ஏத்திகிட்டுப் போய்ட்டார். ஏறும்போது மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, அதுக்கு எந்த பாஷையும் வேண்டியதில்ல. அதுல இருந்து சௌமியா எனக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கற சத்தமே மாறிப்போச்சு. அந்தச் சத்தத்துக்கு நான் ஒருத்தன்தான் சாட்சி.

ஆகையால் தாங்கள் இதைக் கண்டதும் புறப்பட்டு, தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வரவும். சம்பந்தியம்மாவிடம் மாப்பிள்ளைக்கு ஓவர்டைம் என்று சொல்லிக்கொள்ளவும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி; மாடு கன்றுகள் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மாறாத மரியாதையுள்ள
சென்றாயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள மோட்டார் வந்துடுச்சு. மோட்டாருக்குக் காயில் சுத்தற வைண்டிங் கடையில வேலை செய்யற வடநாட்டு ஆளு ஒருத்தர், ரிப்பேர் பண்ணி பைக்குல வெச்சுக் கொண்டாந்திருக்கார். அன்னிக்கு என்னதான்பா சொன்னேன்னு கேட்டா, ‘ஹிலா, ஹிலா’ன்னாராம். போல்ட்டு இறுகிப்போச்சு, கூட வந்தவர ஆட்டிப் பாக்கச் சொல்லியிருக்கார். ஹிந்தியாம். எங்க மூணு பேருக்கும் தெரியாத பாஷை அது ஒண்ணுதான். அவர வரச் சொன்னது எல்லப்பன் சம்சாரம் சென்னம்மாள். சொல்லிட்டு தொரப்பள்ளில அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. மோட்டார் தொலைஞ்சத சம்சாரத்துகிட்ட சொல்ல பயந்துகிட்டு எல்லப்பன் போனே போடல. இப்ப அந்தம்மா வந்து நின்னுகிட்டு, “கெளம்பறப்ப சென்றாயண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான போனேன், மோட்டார் வைண்டிங்குக்குப் போவுதுன்னு!” ங்கறாங்க. என் காதுல ‘வெட்டிங்’குக்குப் போறேன்னு விழுந்துச்சு சம்பந்தி. கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைய கேட்டதா சொல்லுங்கன்னு அனுப்பி வெச்சேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துட்டார், நீங்க வர வேண்டாம். சாயங்காலம் என்னை காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறார். வழியில ஒரு வார்த்தை பேச மாட்டாராம். பேசினா, அத நான் யார்கிட்ட என்னன்னு சொல்லுவேனோன்னு பயமா இருக்காம்.