கொஞ்சம் மெதுவாப் பேசுங்க

"ஹலோ! ஹலோ! கேக்குதா? லாரி எங்கடா நிக்குது? டயர் வெடிச்சா எனக்கென்னடா, வாயால ஊதிக்கிட்டாவது வந்து சேரு!"

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் ஆடி, கொஞ்சம் மனைவியின் போர்வையில் சிந்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில் போட்ட அறை அது. நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் குமாஸ்தாவின் மனைவி. அந்தப் பக்கம் இடுப்பெலும்பு முறிந்த ஒரு வயதான அம்மாள். போனில் கத்துவது அந்த அம்மாளின் மகன், லாரித் தரகர். அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவள் வைத்த பேர் வேறு ஏதாவது இருக்கும். அந்தத் தொண்டையைக் கேட்ட பிறகு அது யாருக்கு ஞாபகம் இருக்கப் போகிறது? பெற்றவளுக்கோ காது மந்தம். கொடுத்து வைத்தவள்.

குமாஸ்தாவின் மனைவிக்குக் காது நன்றாகக் கேட்டது. கேட்பது ஒன்றுதான் மிச்சம். சமையலறையில் நின்றவள் நின்றவாக்கில் சரிந்தாள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கண்ணை மூடியே படுத்திருந்தாள். கஞ்சியை ஊட்டினால் கொஞ்சம் விழுங்குவாள், அவ்வளவுதான்.

"பேச்சு திரும்ப வரலாம் சார். அவங்களுக்கே பேசணும்னு தோணணும். நல்லா சாப்பிடட்டும், அமைதியா இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

குமாஸ்தா அமைதி என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எப்போதும் பிடித்த வார்த்தை அது. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் வேலை அவருக்கு. தண்ணி வரலை, சாக்கடை கலந்து வருது என்று ஊரே அவர் முகத்தில் வந்து கத்தும். வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரு சத்தம் ஆகாது. "மாடி வீட்டுல இன்னிக்கு என்ன கூத்து தெரியுமா?" என்று மனைவி ஆரம்பித்தால், கையைத் தூக்கி "அப்புறம் சொல்லு" என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை. அவளும் எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவாள்? நிறுத்திக்கொண்டாள். இப்போது அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வராதா என்று மனிதர் தவியாய்த் தவித்தார். பாவம்தான். ஆனாலும் ரொம்ப லேட்.

திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இங்க உடம்பு முடியாதவங்க இருக்காங்க."

வெண்கலம் பதறிப் போனார். "ஐயையோ, மன்னிச்சுக்குங்கண்ணே!" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு போனில், "டேய், இங்க ஒரு அண்ணன் மெதுவாப் பேசச் சொல்றாரு! என்னது? கேக்கலையா? மெதுவா! மெ... து... வாடா!"

வராந்தாவில் போனவர்கள் இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

லாரியோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. மறுநாள் வீட்டு விவகாரம் ஆரம்பித்தது. வெண்கலத்தின் மகள் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாளாம். போனில் சம்சாரம் அழ, இவர் கத்த, ஸ்பீக்கரில் அறை முழுக்கக் குடும்பம் நடந்தது.

"கிளட்ச்சு கத்துக்கிட்டு வாடின்னு அனுப்பினா, கழுத்துல தாலி கட்டுறவனையா புடிச்சுக்கிட்டு வருவா?"

"கத்தாதீங்க, அவ அழுவுறா!"

"அழட்டும்! அவன் வேண்டாம்னா வேண்டாம்தான்!"

குமாஸ்தா மனைவியைப் பார்த்தார். புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது. ஐயோ, வலிக்கிறது போலிருக்கிறது, வாயிருந்தால் சொல்லியிருப்பாளே என்று பதறினார். கீழே கடைக்கு ஓடிப் போய், காதில் மாட்டிக்கொள்ளும் இயர்போன் ஒன்று வாங்கி வந்து நீட்டினார்.

"எனக்கா அண்ணே? எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்?" வெண்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன் கூட இப்படி வாங்கித் தந்ததில்லையாம்.

இரண்டு காதையும் அடைத்துக்கொண்டவனுக்குத் தன் குரல் தனக்குக் கேட்காது. இது குமாஸ்தாவுக்கு வாங்கும்போது தோன்றவில்லை. வெண்கலம் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி பேச ஆரம்பித்தார். போனில் சம்சாரம் பேசுவது இப்போது அவர் காதுக்கு மட்டும்தான் கேட்டது. மனைவியின் புருவம் இன்னும் சுருங்கியது.

"தம்பி, வராந்தாவுல நின்னு பேசினா உங்களுக்கும் காத்தோட்டமா இருக்குமே" என்றார் குமாஸ்தா.

"சொல்லிட்டீங்கள்ல, முடிஞ்சுது!"

வராந்தா என்பது அறை ஜன்னலுக்கு நேர் வெளியே. சிகரெட் பிடிக்கிறவர்களெல்லாம் ஒதுங்குகிற இடமும் அதுதான். 'புகை பிடிக்காதீர்' என்று எழுதிய பலகைக்கு அடியிலேயே நின்று பிடிப்பார்கள், பலகை நல்ல நிழல். வெண்கலம் எப்போதோ விட்டொழித்த பழக்கம். மகள் கவலை மண்டையைக் குடைய, யாரோ ஒருத்தன் ஒன்றை நீட்ட, வாங்கிப் பற்ற வைத்துக்கொண்டார். அப்புறம் என்ன? பேச்சும் வந்தது, புகையும் வந்தது, இரண்டும் ஜன்னல் வழியாக நேராகக் கட்டிலுக்கே வந்தன.

"என்னடி சொல்ற? நேத்துலருந்து சாப்பிடலையா? பச்சைத் தண்ணி கூடவா?" ஒரு இழுப்பு. "கெடக்கட்டும்! வயிறு காஞ்சா வழிக்கு வருவா!" இன்னொரு இழுப்பு.

மனைவி இருமினாள். குமாஸ்தா ஜன்னலைச் சாத்தினார். புழுக்கத்தில் அவளுக்கு வியர்த்து ஊற்றியது. ஜன்னலைத் திறந்தார். மறுபடி இருமல். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? ஒரு கையால் விசிறிக்கொண்டே, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவளிடம் அவர் இவ்வளவு கெஞ்சியதில்லை.

அடுத்து வாட்ச்மேனைப் பிடித்தார். வாட்ச்மேன் நல்ல மனிதர்தான், மத்தியானம் வரைக்கும். அதற்குப் பிறகு உள்ளே போகிற சரக்கு பேசும்.

"சார், நீங்க நிம்மதியா இருங்க. இந்த ரூம்ல ஒரு ஈ பறக்காது. என் பொறுப்பு!" என்று மார்தட்டினார்.

அன்று சாயங்காலம் விசில் சத்தத்தில் மொத்த மாடியும் எழுந்து உட்கார்ந்தது. வாட்ச்மேன் வாசற்படியில் ஆடிக்கொண்டே நின்றார். "அமைதி! யாரும் பேசக்கூடாது! சாரோட சம்சாரம் சாகக் கெடக்குறாங்க, தெரியுமில்ல?"

"யோவ்! யாரு அப்படிச் சொன்னது?" குமாஸ்தா கத்தினார். ஓடிப்போய் மனைவியின் காதைப் பொத்தினார். அவளுடைய ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது. இன்னொன்று தலையணைப் பக்கம் இருந்தது.

வாட்ச்மேனுக்கு விசில் தீர்ந்ததும் அழுகை வந்துவிட்டது. வெண்கலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் சம்சாரம் தன்னை விட்டுப் போன கதையை ஆரம்பித்தார். வெண்கலம் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. இயர்போனைக் காணோம், போட்டார் ஸ்பீக்கரை.

"ஏங்க, பொண்ணு மயக்கமா வருதுங்கறா. எனக்குப் பயமா இருக்குங்க..."

வெண்கலத்தின் தொண்டை முதல் தடவையாக இறங்கியது. வாட்ச்மேன் போனைப் பிடுங்கினார். "தங்கச்சி, நான் வாட்ச்மேன் பேசுறேன். பொண்ணு மனச உடைச்சிறாதீங்கம்மா. உடைச்சா ஒட்டாது. என்னைப் பாருங்க!"

"கொடுய்யா இங்க" என்று வெண்கலம் போனை வாங்கினார். "இந்தாடி... அந்தப் பையனை ஞாயித்துக்கிழமை வந்து என்னைப் பாக்கச் சொல்லு. பாக்குறேன், அவ்வளவுதான், சரின்னு சொல்லலை. முதல்ல தட்டுல சோத்தைப் போட்டு அவ முன்னாடி வை. அப்பன் சொன்னாருன்னு சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்... என்ன? வெச்சியா? சாப்பிடுறாளா?"

"போதும், நிறுத்துங்க!"

குமாஸ்தா திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு வந்தார். "மனுஷங்கதானா நீங்க? என் பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசமாட்டாளான்னு நான் செத்துக்கிட்டிருக்கேன். போன், புகை, தண்ணி, ஒண்ணு பாக்கி இல்லை! இது ஆஸ்பத்திரியா, சந்தையா?"

வெண்கலம் உடனே போனை அணைத்துவிட்டார்.

குமாஸ்தா நேரே பெரிய சிஸ்டரிடம் போனார்.

"ஆவன செய்யறோம் சார், போங்க" என்றார் சிஸ்டர், தலை நிமிராமல்.

அந்த வார்த்தை குமாஸ்தாவின் சொந்தச் சரக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊருக்கே அதைத்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று அவருக்கா தெரியாது? ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆகவே, அவரிடம் காரியம் சாதித்த ஒரு சிலர் என்ன செய்தார்களோ அதையே செய்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு சிஸ்டர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை வெண்கலத்தின் அம்மாவை வேறு மாடிக்கு மாற்றினார்கள். வெண்கலம் பையும் பிளாஸ்க்குமாக வாசலில் நின்று, "வரேண்ணே. உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். அண்ணி சீக்கிரம் எந்திரிச்சு உக்காரட்டும்" என்றார். அதையும் ரகசியக் குரலில் சொன்னார். குமாஸ்தாவுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தலையை மட்டும் ஆட்டி வைத்தார்.

அறையில் சத்தமே இல்லை. குமாஸ்தா மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தியா, எல்லாரையும் அனுப்பிட்டேன். இனிமே நிம்மதியா இரு" என்றார்.

மத்தியானம் ஆயாம்மா கஞ்சி கொண்டு வந்தாள். மனைவி வாயைத் திறக்கவில்லை.

"நேத்து வரைக்கும் பாதிக் கிண்ணம் உள்ள போச்சே சார்! இன்னிக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் சத்தம் இருக்கு. அந்த ஃபேன் கிறீச்சுங்குது பாருங்க" என்றார் குமாஸ்தா. எலெக்ட்ரீஷியன் காலைப் பிடித்து ஃபேனுக்கு எண்ணெய் போட வைத்தார். வாளிக்கு அடியில் துணியைப் போட்டார். ஆயாம்மாவின் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைக்கச் சொன்னார். "என் புருஷன் கூட இந்தப் பாடு படுத்தலை" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் கழற்றினாள். தன் செருப்பையும் வெளியே விட்டார். அறையில் ஈயும் இல்லை, எறும்பும் இல்லை.

அன்றும் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப் போனது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் நாடியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மூக்கு வழியா குழாய் போட்டுப் பாக்கலாம். ஆனா இருக்குற பலவீனத்துல... சொல்றதுக்கில்லை சார். அவங்களுக்கே எதுலயும் பிடிப்பு விட்டுப் போச்சு. நல்லாத்தானே வந்துக்கிட்டிருந்தாங்க?"

"அமைதியாத்தான் சார் வெச்சிருக்கேன். குண்டூசி விழுந்தாக் கேக்கும்" என்றார் குமாஸ்தா.

டாக்டர் போன பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். பேச நினைத்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் பேச ஒரு விஷயம் கிடைக்கவில்லை. கடைசியில், "பள்ளிக்கூடத் தெருவுல மெயின் குழாய் உடைஞ்சு போச்சு. நாலு பேரு புகார் குடுத்தாங்க" என்றார். அவள் அசையவில்லை. "தோண்டிப் பாத்தா, வால்வு துருப்பிடிச்சிருக்கு" என்றார். அவருக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இந்தாம்மா, ஏதாவது ஒண்ணு சொல்லேன். திட்டேன். பாவி மனுஷான்னு சொல்லேன். நீ பேசாமயே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அந்த நிசப்தத்தில் அது ஒன்றுதான் சத்தம்.

ஆயாம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மனைவி மெல்ல முகத்தைத் திருப்பினாள். கண்ணைத் திறந்தாள். காலியாகக் கிடந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள், ஆயாம்மாவைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. ஏதோ வந்தது, குழறிக் குழறி.

குமாஸ்தா பாய்ந்து காதை அவள் வாயருகே கொண்டு போனார். "சொல்லும்மா! என்ன? என்ன?"

மறுபடியும் குழறினாள். ஊர் பூராவும் கத்தினதைக் கேட்டு மரத்த காதில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவளுக்கு எரிச்சல் வந்து, ஆயாம்மா பக்கம் கண்ணைக் காட்டினாள். ஆயாம்மா எத்தனையோ பேர் குழறலைக் கேட்டுப் பழகியவள். கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்தாள். கேட்டாள். "ம்... ம்..." என்று தலையாட்டினாள். நிமிர்ந்து குமாஸ்தாவைத் தயக்கத்தோடு பார்த்தாள்.

"என்ன சொல்றா? என்னைப் பத்தியா? எதுவா இருந்தாலும் பரவாயில்லை, மறைக்காம சொல்லுங்க!" கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார் குமாஸ்தா.

"அந்தப் போன்காரரு பொண்ணு கடைசியில சாப்பிட்டாளா இல்லையான்னு கேக்கறாங்க சார்."